கல்லூரி மாணவரின் பணக்கணக்கும் சாட்பாட்டும்: ஒரு முழுமையான வழிகாட்டி

கல்விக்கடனுக்கான வட்டி மானியம் பெற குடும்ப வருமான வரம்பு எவ்வளவு என்று சாட்பாட்டிடம் கேட்டால், அது ஒருமுறை 4.5 லட்சம் என்றும் மற்றொரு முறை 8 லட்சம் என்றும் சொல்லக்கூடும். இரண்டுமே பொய்யல்ல. தொழிற்கல்வியும் தொழில்நுட்பக் கல்வியும் படிக்கும் மாணவர்களுக்குப் படிப்புக்காலத்து வட்டி முழுவதையும் மத்திய அரசே ஏற்கும் திட்டத்துக்கு வரம்பு 4.5 லட்சம். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிரதமர் வித்யாலட்சுமி திட்டமோ, தேர்ந்தெடுக்கப்பட்ட கல்வி நிறுவனங்களில் சேர்ந்த, 8 லட்சம் வரை குடும்ப வருமானமுள்ள மாணவர்களுக்கு, 10 லட்சம் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டி மானியம் தருகிறது. இவற்றோடு, 2015 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட கடன் விண்ணப்ப இணையதளத்தின் பெயரும் வித்யாலட்சுமிதான். பெயர்கள் ஒன்றோடொன்று உரசும் இத்தகைய இடங்களில் சாட்பாட் ஒரு திட்டத்தின் தலையில் இன்னொரு திட்டத்தின் தலைப்பாகையைக் கட்டிவிடுகிறது. அதையும் தடுமாற்றமின்றி, நல்ல நடையில் செய்கிறது.

வணிகவியல் ஆசிரியன் என்ற முறையில் மாணவர்களின் கைப்பேசிகளில் இத்தகைய பதில்களை அடிக்கடி பார்க்கிறேன். சாட்பாட்டை ஒதுக்கச் சொல்வது என் நோக்கம் அல்ல. வங்கிக் கடிதத்தின் ஆங்கிலத்தைப் பொறுமையாகப் பிரித்துச் சொல்லவும், ஒரே கணக்கைப் பத்து வகையாகப் போட்டுக் காட்டவும், புகார்க் கடிதம் எழுதித் தரவும் நள்ளிரவில்கூடத் தயாராக இருக்கும் ஒருவர் முதல் தலைமுறைப் பட்டதாரியின் வீட்டில் பெரும்பாலும் இருப்பதில்லை. அந்த இடத்தில் இந்தக் கருவி உதவும். ஆனால் வட்டி விகிதம், கடைசித் தேதி, வருமான வரம்பு ஆகியவற்றை அதன் நினைவிலிருந்து சொல்லச் சொல்லக்கூடாது. காகிதத்தை நாம் கொடுக்க வேண்டும். அது படித்துக் காட்ட வேண்டும். கீழே வரும் படிகள் அனைத்தும் இந்த ஒரு விதியின் மேல் நிற்கின்றன.

இதற்குக் காரணம் எளிது. இத்தகைய மென்பொருள், தான் பயின்ற ஏராளமான எழுத்துகளின் அடிப்படையில், ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்து எழுதுகிறது. சென்ற ஆண்டின் அரசாணையும் இந்த ஆண்டின் அரசாணையும் அதன் பயிற்சியில் அருகருகே கிடந்தால், எது நடைமுறையில் உள்ளது என்று அதற்குத் தானாகத் தெரியாது. இணையத்தில் தேடிச் சொல்லும் வசதியுள்ள சாட்பாட்டும், முதலில் அகப்படும் விளம்பரக் கட்டுரையை நம்பிவிட வாய்ப்புண்டு.

முதல் படி: எதை மறைப்பது

எதையும் பதிவேற்றுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. ஆதார் எண், பான் எண், வங்கிக் கணக்கு எண், யுபிஐ முகவரி, கைப்பேசி எண், கையெழுத்து ஆகியவற்றை அழித்துவிட வேண்டும். ஓடிபி, யுபிஐ பின், கடவுச்சொல் ஆகியவற்றை எந்தச் சூழலிலும் தட்டச்சு செய்யக்கூடாது. சாட்பாட்டுக்கு அவை தேவைப்படும் வேலை எதுவும் இல்லை.

வங்கிக் கணக்கு அறிக்கையில் நம் விவரம் மட்டும் இருப்பதில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. யுபிஐ வழியாகப் பணம் கொடுத்த, வாங்கிய ஒவ்வொருவரின் பெயரும் அதில் வரிசையாக இருக்கும். அறைத்தோழரின் பெயரை அவரைக் கேட்காமல் ஓர் அயல்நாட்டு நிறுவனத்தின் கணினிக்கு அனுப்பும் உரிமை நமக்கு இல்லை. எனவே பிடிஎஃப் கோப்பை அப்படியே ஏற்றாமல், தேதி, தொகை, எதற்காக என்ற மூன்று நிரல்களை மட்டும் ஒரு விரிதாளில் எடுத்துக்கொண்டு, பெயர்களை ‘நண்பர் 1’, ‘கடை 2’ என்று மாற்றிவிடுவது நல்லது. உரையாடல்களைப் பயிற்சிக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று தெரிவிக்கும் தெரிவு பல சாட்பாட்டுகளின் அமைப்புகள் பகுதியில் இருக்கும். அதையும் முதலிலேயே தேர்ந்தெடுத்துவிடலாம்.

இரண்டாம் படி: மூன்று மாத வரவு செலவு

பட்ஜெட் போட்டுத் தா என்று வெறுமனே கேட்டால், தேவைக்கு 50 சதவீதம், விருப்பத்துக்கு 30, சேமிப்புக்கு 20 என்ற சூத்திரம் வந்து விழும். சம்பளக்காரருக்காக உருவான கணக்கு அது. வீட்டிலிருந்து மாதம் 6,000 ரூபாய் வந்து, அதில் 4,000 ரூபாய் மெஸ் கட்டணமாகவே போய்விடும் விடுதி மாணவருக்கு அது பொருந்தாது. பொருந்தவில்லையே என்ற குற்றவுணர்ச்சியைத்தான் மிச்சம் வைக்கும்.

அதற்குப் பதிலாக, முதல் படியில் தயாரித்த மூன்று மாதப் பட்டியலைக் கொடுத்து இப்படிக் கேட்கலாம்:

“நான் விடுதியில் தங்கிப் படிக்கும் இரண்டாம் ஆண்டு மாணவர். இந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு செலவையும் மெஸ், பயணம், ரீசார்ஜ், ஜெராக்ஸ் மற்றும் புத்தகம், டீக்கடை மற்றும் வெளிச்சாப்பாடு, கைமாற்று, பிற என்ற ஏழு வகைகளில் ஒன்றில் சேர். எந்த வகை என்று உறுதியாகத் தெரியாத வரிகளைத் தனியே எடுத்து என்னிடம் கேள். கூட்டுத்தொகை போட வேண்டாம்.”

கடைசி வாக்கியம் முக்கியம். வகை பிரிப்பதில் சாட்பாட் கெட்டிக்காரர். நீண்ட பட்டியலைக் கூட்டும்போது ஒரு வரியை விட்டுவிடுவது உண்டு. கூட்டுவதை விரிதாளே பிழையின்றிச் செய்யும். கைமாற்று என்ற வகையைத் தனியாக வைக்கச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. நண்பர்களுக்கு 200, 300 என்று கொடுத்துத் திரும்பி வராத தொகைகளை மூன்று மாதத்துக்குச் சேர்த்துப் பார்க்கும்போதுதான் பல மாணவர்களுக்குப் பணம் போகும் வழி தெரிகிறது.

அடுத்து, மாதந்தோறும் வராமல் ஆண்டுக்கு ஓரிரு முறை வந்து தலையில் இடிக்கும் செலவுகளைப் பட்டியலிட வேண்டும். இரண்டு செமஸ்டர் தேர்வுக் கட்டணம் தலா 2,000, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்குப் போய்வர தலா 1,500, ப்ராஜெக்ட் செலவு 5,000 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 12,000 ரூபாய். மாதத்துக்கு 1,000 ரூபாயை ஒதுக்காவிட்டால் அந்தந்த மாதத்தில் யாரிடமாவது கை நீட்டியே ஆக வேண்டும். அரியர் வைத்தவர்கள் அதற்கான கட்டணத்தையும் கூச்சப்படாமல் இதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். “இந்த ஆண்டுச் செலவுகள் எந்தெந்த மாதத்தில் வருகின்றன என்று ஒரு நாள்காட்டி அமைத்து, ஒவ்வொரு மாதமும் எவ்வளவு எடுத்து வைத்தால் எந்த மாதத்திலும் பற்றாக்குறை வராது என்று காட்டு” என்பது சாட்பாட்டுக்குத் தகுந்த வேலை.

மூன்றாம் படி: கல்விக்கடன் கடிதத்தைப் படிக்க வைத்தல்

சாட்பாட்டின் உண்மையான பயன் தெரியும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகப் பார்க்கலாம்.

இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தைப் பெரும்பாலான வங்கிகள் பின்பற்றுகின்றன. 4 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு நம் பங்காகப் பணம் போட வேண்டியதில்லை. கடன் உத்தரவாத நிதியின் கீழ் 7.5 லட்சம் வரை சொத்துப் பிணையம் இன்றிக் கடன் பெறலாம். பெற்றோர் இணைக் கடன்தாரராகக் கையெழுத்திடுவார். படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத் தவணை தொடங்கும். அதுவரை தனிவட்டி ஏறிக்கொண்டிருக்கும். இவை பொது விதிகள். நம் கடனுக்கு உரிய விதி, வங்கி கையில் தரும் அனுமதிக் கடிதத்தில் மட்டுமே இருக்கிறது.

அந்தக் கடிதத்தில் பெயரையும் எண்களையும் மறைத்துவிட்டுப் பதிவேற்றி, முதல் கட்டளையை இப்படிக் கொடுக்க வேண்டும்:

“இந்தக் கடிதத்தில் உள்ளதை மட்டும் வைத்துப் பதில் சொல். ஒவ்வொரு பதிலுக்கும் ஆதாரமான வரியைக் கடிதத்தில் உள்ளபடியே எடுத்து எழுது. கடிதத்தில் இல்லாத செய்திக்கு ‘கடிதத்தில் இல்லை’ என்று சொல்.”

பிறகு ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். வட்டி நிலையானதா, ரெப்போ விகிதத்தை, அதாவது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டியைப் பொறுத்து மாறுமா? தவணை தொடங்கும்வரை தனிவட்டியா, கூட்டுவட்டியா? காப்பீட்டுக் கட்டணம் கடனோடு சேர்க்கப்பட்டிருக்கிறதா? முன்கூட்டியே அடைத்தால் கட்டணம் உண்டா? படிக்கும் காலத்திலேயே வட்டியைக் கட்டினால் சலுகை உண்டா? சாட்பாட் எடுத்துக்காட்டும் வரி கடிதத்தில் உண்மையிலேயே இருக்கிறதா என்று விரல் வைத்துச் சரிபார்ப்பது நம் வேலை. ‘கடிதத்தில் இல்லை’ என்று வந்த கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு வங்கிக் கிளைக்குப் போகலாம். வங்கியில் என்ன கேட்பது என்றே தெரியாமல் நின்று திரும்புகிறவருக்கும், நான்கு கேள்விகளோடு போகிறவருக்கும் கிடைக்கும் மரியாதை வேறு.

இனி கணக்கு. ஆண்டுக்கு 1 லட்சம் வீதம் நான்கு ஆண்டுகளில் 4 லட்சம் ரூபாய் கடன், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முதல் லட்சத்துக்கு ஐந்து ஆண்டு வட்டி 50,000. இரண்டாம் லட்சத்துக்கு நான்கு ஆண்டு வட்டி 40,000. அடுத்தவற்றுக்கு 30,000, 20,000. ஆக, தவணை தொடங்கும் நாளில் ஏறியிருக்கும் வட்டி 1,40,000 ரூபாய். இதே கணக்கைச் சாட்பாட்டிடம் விவரம் சொல்லாமல் கொடுத்தால், முதல் நாளே 4 லட்சமும் கைக்கு வந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு 2,00,000 ரூபாய் வட்டி என்று சொல்லக்கூடும். வங்கி ஆண்டுதோறும் கல்லூரிக்கு அனுப்பும் தொகையையும் தேதியையும் தனித்தனியே கொடுத்தால்தான் சரியான விடை வரும்.

வட்டியைக் கட்டாமல் விட்டு, அது அசலோடு சேர்ந்தால் கடன் 5,40,000 ஆகிறது. பத்தாண்டுத் தவணை என்றால் மாதம் ஏறத்தாழ 7,136 ரூபாய். படிக்கும்போதே வட்டியைக் கட்டிவந்தால் 4 லட்சத்துக்கு மட்டும் தவணை, மாதம் ஏறத்தாழ 5,286 ரூபாய். மாத வேறுபாடு 1,850. பத்தாண்டுகளில் அது 2,22,000 ரூபாயாகிறது. இன்று 1,40,000 ரூபாயைச் சிறுகச் சிறுகக் கட்டுவதா, நாளை 2,22,000 கட்டுவதா என்பதுதான் கேள்வி.

சிறுகச் சிறுக என்பது எவ்வளவு சிறிது என்பதையும் பார்க்க வேண்டும். முதலாண்டில் 1 லட்சத்துக்கு மாத வட்டி 833 ரூபாய்தான். அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்கு வந்த மாணவியருக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும், மாணவருக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் தமிழக அரசு தரும் மாதத்தொகை 1,000 ரூபாய். வீட்டுச் செலவுக்கு அது தேவைப்படாத குடும்பத்தில், முதலாண்டு வட்டி முழுவதையும் அந்தத் தொகையே கட்டிவிடும். இரண்டாம் ஆண்டில் வட்டி மாதம் 1,667 ஆகிவிடுவதால் அதற்குமேல் வேறு வழி பார்க்க வேண்டியிருக்கும். வட்டி மானியம் பெறத் தகுதியுள்ளவர்கள் இதைச் செய்யத் தேவையில்லை. மானியம் உண்டா இல்லையா என்பதை முதலில் வங்கியில் எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான்காம் படி: உதவித்தொகை விண்ணப்பம்

எனக்கு என்னென்ன உதவித்தொகை கிடைக்கும் என்ற கேள்விக்குச் சாட்பாட் தரும் பட்டியலைத் தேடலின் தொடக்கமாக மட்டும் கொள்ள வேண்டும். முடிந்துபோன திட்டங்களும், வேறு மாநிலத்தின் திட்டங்களும் அதில் கலந்திருக்கும். முதல் பட்டதாரி கட்டணச் சலுகை, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்கான கட்டண ஏற்பு, மேற்படிப்புக்கான கல்வி உதவித்தொகை, தேசிய உதவித்தொகை இணையதளத்தில் உள்ளவை ஆகிய ஒவ்வொன்றுக்கும் அந்தந்தத் துறையின் அறிவிப்பு உண்டு. அந்த அறிவிப்பைத் தரவிறக்கிக் கொடுத்தபின் கேட்க வேண்டியது இது: “இதில் கேட்கப்பட்டுள்ள ஆவணங்களைப் பட்டியலிடு. கடைசித் தேதியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, ஒவ்வொரு சான்றிதழுக்கும் இ-சேவை மையத்தில் நான் எந்த நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்று சொல். வருமானச் சான்றிதழுக்கு மூன்று வாரம் ஆகும் என்று வைத்துக்கொள்.”

தகுதி இருந்தும் பணம் வராமல் நிற்பதற்கு நான் அதிகம் பார்த்த காரணம் பெயரும் தலைப்பெழுத்தும்தான். மதிப்பெண் பட்டியலில் தலைப்பெழுத்து முன்னால் இருக்கும். ஆதாரில் அப்பாவின் பெயர் முழுதாகப் பின்னால் இருக்கும். வங்கிப் புத்தகத்தில் தலைப்பெழுத்தே இருக்காது. மூன்றிலும் பெயர் எழுதப்பட்டிருக்கும் விதத்தை மட்டும் தட்டச்சு செய்து, வேறுபாடுகளைக் காட்டச் சொல்லலாம். எதைத் திருத்துவது எளிது என்பதை இ-சேவை மையத்தில் கேட்டு முடிவு செய்யலாம். வங்கிக் கணக்கு ஆதாரோடு நேரடிப் பணப் பரிமாற்றத்துக்காக இணைக்கப்பட்டிருக்கிறதா என்பதை வங்கியில் கேட்டுச் சரிபார்க்கலாம்.

ஐந்தாம் படி: வட்டியின் மொழியைப் புரிய வைத்தல்

நம் ஊரில் ‘மூன்று வட்டிக்கு வாங்கினேன்’ என்றால், 100 ரூபாய்க்கு மாதம் 3 ரூபாய் என்று குழந்தைக்கும் தெரியும். ஆண்டுக்கு அது 36 சதவீதம். சாட்பாட்டிடம் ‘3 வட்டி’ என்று சொன்னால், ஆண்டுக்கு 3 சதவீதம் என்று எடுத்துக்கொண்டு, வங்கிக் கடனைவிட இது மிக மலிவானது, உடனே வாங்கலாம் என்று யோசனை சொல்ல வாய்ப்பிருக்கிறது. எனவே, வாய்மொழி வட்டியை எப்போதும் “100 ரூபாய்க்கு மாதம் 3 ரூபாய்” என்று விரித்தே எழுத வேண்டும். அப்பாவின் தனியார் கடன், அம்மாவின் நகைக்கடன், கல்விக்கடன் மூன்றையும் ஆண்டு விகிதத்துக்கு மாற்றி ஒரே அட்டவணையில் வைக்கச் சொன்னால், கட்டணத்துக்கு எதை நாடுவது என்பதைக் குடும்பமாக உட்கார்ந்து பேச ஒரு தாள் கிடைக்கும். மீட்டர் வட்டி, ரன் வட்டி போன்ற அளவுக்கு மீறிய வட்டிகள் தமிழகத்தில் 2003 ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டத்தின்கீழ் குற்றம் என்பதையும் அந்தத் தாளின் ஓரத்தில் எழுதிக்கொள்ளலாம்.

கடன் செயலிகளின் கணக்கும் இப்படித்தான் மறைந்திருக்கிறது. 5,000 ரூபாய் கடன் என்று காட்டி, செயலாக்கக் கட்டணமாக 1,000 பிடித்துக்கொண்டு, கையில் 4,000 தந்து, 14 நாளில் 5,000 திருப்பச் சொல்கிறது ஒரு செயலி என்று கொள்வோம். வட்டியே இல்லை என்று அது விளம்பரம் செய்யலாம். கையில் வந்தது 4,000, திருப்புவது 5,000, நாள்கள் 14 என்ற மூன்று எண்களை மட்டும் கொடுத்து ஆண்டு விகிதத்தைக் கேட்டால், ஏறத்தாழ 652 சதவீதம் என்று விடை வர வேண்டும். 1,000 ஐ 4,000 ஆல் வகுத்து, 365 ஆல் பெருக்கி, 14 ஆல் வகுத்துக் கைக்கணக்காகவும் சரிபார்க்கலாம். ‘நோ காஸ்ட் இஎம்ஐ’ என்று, வட்டியில்லாத் தவணையாக விற்கப்படும் கைப்பேசிக்கும் இதே முறைதான்: ரொக்கமாக வாங்கினால் கிடைக்கும் தள்ளுபடி விலை, தவணைகளின் கூட்டுத்தொகை, செயலாக்கக் கட்டணம், வட்டியின் மேல் ஜிஎஸ்டி ஆகியவற்றைத் தனித்தனியே கொடுத்துவிட்டுக் கேட்க வேண்டும்.

கேட்கும் விதத்திலும் கவனம் தேவை. “இந்த பைக்கை இஎம்ஐயில் வாங்குவது நல்ல யோசனைதானே?” என்று கேட்டால் சாட்பாட் பெரும்பாலும் தலையாட்டும், கேட்பவரின் விருப்பத்தோடு ஒத்துப்போவது அதன் சுபாவம். “இதை வாங்கக்கூடாது என்று வாதாடும் என் அக்காவாக இருந்து பேசு” என்று சொன்னால் வேறு குரல் வரும். இரண்டையும் கேட்டுவிட்டு, உண்மையான அக்காவிடமும் ஒருமுறை பேசிவிடுவது நல்லது.

ஆறாம் படி: மிரட்டலும் மோசடியும்

ஒரு கடன் செயலி உண்மையானதா என்பதைச் சாட்பாட்டிடம் கேட்டு முடிவு செய்யக்கூடாது. ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் வெளியிட்டு, 2025 மே மாதத்தில் ஒருங்கிணைத்த டிஜிட்டல் கடன் விதிகளின்படி, கடன் தொகை வங்கியிலிருந்தோ பதிவுபெற்ற நிதி நிறுவனத்திலிருந்தோ நேராக நம் கணக்குக்கு வர வேண்டும். மொத்தச் செலவை ஆண்டு விகிதமாகக் காட்டும் முக்கிய விவர அறிக்கையைக் கையெழுத்துக்கு முன்பே தர வேண்டும். கைப்பேசியின் தொடர்புப் பட்டியலையும் புகைப்படங்களையும் செயலி எடுக்கக்கூடாது. முறையான நிறுவனங்களோடு இணைந்த செயலிகளின் பட்டியல் ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் 2025 முதல் இருக்கிறது; அதில் பெயரைத் தேடிப் பார்ப்பதே நேர்வழி. முக்கிய விவர அறிக்கை கையில் கிடைத்தால், மூன்றாம் படியில் சொன்ன கட்டளையோடு அதைச் சாட்பாட்டிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லலாம்.

மாணவர்களைக் குறிவைக்கும் இன்னொன்று, வங்கிக் கணக்கை வாடகைக்குக் கேட்பது. மாதம் சில ஆயிரம் தருகிறோம், பாஸ்புக்கையும் ஏடிஎம் அட்டையையும் மட்டும் கொடுங்கள் என்பார்கள். மோசடிப் பணம் அந்தக் கணக்கு வழியாகப் போனால் போலீஸ் முதலில் தேடி வருவது கணக்கின் உரிமையாளரைத்தான். இதில் கணக்குப் போட எதுவும் இல்லை, மறுத்துவிட வேண்டும்.

பணம் பறிபோனால், சாட்பாட்டோடு பேசி நேரத்தைக் கழிக்காமல் முதலில் இணையவழி மோசடிப் புகார்களுக்கான 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். மோசடிப் பணம் கைமாறுவதற்குள் முடக்க முடியுமா என்பது அந்த முதல் மணி நேரத்தைப் பொறுத்தது. அழைத்தபின், நடந்தவற்றைத் தேதி, நேரம், தொகை, பரிவர்த்தனை எண் என்ற வரிசையில் அடுக்கி, வங்கி மேலாளருக்கும் காவல்துறைக்கும் கொடுக்கக் கடிதமாக எழுதித் தரச் சொல்லலாம். பரிவர்த்தனை எண்ணைச் சாட்பாட்டில் இடாமல், கடிதம் வந்தபின் நாமே நிரப்ப வேண்டும். வங்கியிடம் கொடுத்த புகாருக்கு 30 நாளில் பதில் இல்லையென்றாலோ பதில் சரியில்லையென்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையவழியே புகார் செய்யலாம். அதற்குக் கட்டணம் இல்லை. விவரம் கேட்க 14448 என்ற எண் உண்டு.

வசூல் மிரட்டலால் மனம் உடைந்திருப்பவர் சாட்பாட்டிடம் புலம்பி இரவைக் கழிக்க வேண்டாம். டெலிமானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416 எந்நேரமும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிட வேண்டும். கடன் செயலிக்காரரின் முழுப் பலமும் நாம் வெளியே சொல்லமாட்டோம் என்பதில்தான் இருக்கிறது.

முதலீடு பற்றிச் சுருக்கமாக

மாணவப் பருவத்தில் பங்கு வாங்கலாமா என்று சாட்பாட்டிடம் கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். எஸ்ஐபி என்றால் என்ன, செலவு விகிதம் என்றால் என்ன என்று பாடம் கேட்கத் தடையில்லை. எந்தப் பங்கை வாங்குவது என்று கேட்பது வேறு. எஃப் அண்ட் ஓ எனப்படும், வருங்கால விலையை வைத்து நடக்கும் ஒப்பந்த வர்த்தகத்தில் 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டமடைந்தார்கள் என்று பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் ஆய்வே சொல்கிறது. செமஸ்டர் கட்டணத்துக்கு வைத்திருக்கும் பணத்தோடு அந்தப் பக்கம் போக வேண்டாம்.

கல்லூரிகள் தாமே சாட்பாட் நடத்துவதானால்

அமெரிக்காவின் அட்லாண்டாவில் உள்ள ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகம் 2016 இல் ‘பவுன்ஸ்’ என்ற சாட்பாட்டைக் குறுஞ்செய்தி வழியே இயக்கியது. இடம் கிடைத்தும், கோடை விடுமுறையில் உதவித்தொகைப் படிவங்களில் சிக்கித் தவித்து, வகுப்பு தொடங்கும்போது வராமலே போய்விடும் மாணவர்களைக் காப்பது அதன் நோக்கம். அந்த ஒரு கோடையிலேயே 2 லட்சத்துக்கு மேற்பட்ட கேள்விகளுக்கு அது பதில் சொன்னது. அப்படி வராமல் போனவர்களின் எண்ணிக்கை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. இன்றைய சாட்பாட்டுகளைப் போல அது தானாக எழுதவில்லை. பதில்களைப் பல்கலைக்கழக ஊழியர்களே முன்கூட்டி எழுதி வைத்திருந்தார்கள். அதற்குத் தெரியாத கேள்வி ஊழியரிடம் போனது. மாணவர் கேட்கும்வரை காத்திராமல், அவரவர் முடிக்காத வேலையை அதுவே நினைவூட்டியது.

நம் கல்லூரிகளும் இதைச் செய்யலாம். முதலில், அலுவலக ஜன்னலில் ஓர் ஆண்டு முழுவதும் கேட்கப்படும் கேள்விகளை எழுத்தரைக் கொண்டு தொகுக்க வேண்டும். போனஃபைடு சான்றிதழ் எப்போது கிடைக்கும், கல்விக்கடனுக்கான கட்டண விவரத் தாள் யாரிடம் வாங்குவது, உதவித்தொகை விண்ணப்பத்தைக் கல்லூரி சரிபார்த்துவிட்டதா என்று நூறு கேள்விகளுக்குள் அவை அடங்கிவிடும். அவற்றுக்கான பதில்களை அலுவலகமே தமிழில் எழுதி, ஒவ்வொரு பதிலின் கீழும் எழுதிய தேதியையும் பொறுப்பாளரின் பதவியையும் குறிக்க வேண்டும். சாட்பாட் அந்தக் கோப்பிலிருந்து மட்டுமே பேசும்படி அமைத்து, வேறு எந்தக் கடன் நிறுவனத்தையும் செயலியையும் அது பரிந்துரைக்காதபடி பூட்ட வேண்டும். இலவசமாகச் சாட்பாட் அமைத்துத் தருகிறோம் என்று வரும் நிதி நிறுவனங்களிடம், மாணவர் விவரம் எங்கே போகிறது என்ற கேள்வியை எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்க வேண்டும்.

முதலாண்டு மாணவர்களில் பலருக்கு வயது 17 தான். 2023 ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 18 வயது நிரம்பாதவர் குழந்தை; அவருடைய தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். சேர்க்கைப் படிவத்தோடு ஒப்புதல் தாளையும் தமிழில் தயாரித்துக்கொள்வது நல்லது. பெயரும் பதிவெண்ணும் கேட்காமலே பொதுக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும்படி அமைத்துவிட்டால் சிக்கலின் பெரும்பகுதி குறையும்.

அதே ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகம், சிறிய நிலுவைக்காகப் பெயர் நீக்கப்படும் நிலையிலிருந்த மாணவர்களின் பாக்கியைத் தானே செலுத்தும் சிறு நிதியுதவித் திட்டம் ஒன்றையும் 2011 முதல் நடத்திவந்தது. கட்டணப் பாக்கியை நினைவூட்டும் சாட்பாட்டை வைக்கும் கல்லூரி, ‘என்னால் கட்ட முடியவில்லை’ என்று மாணவர் பதில் எழுதினால் என்ன செய்யும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதில் வந்தவுடன் உரையாடல் நின்று, மாணவர் நல அலுவலரின் கைப்பேசிக்குச் செய்தி போய், அன்று மாலைக்குள் அவர் அந்த மாணவரை நேரில் அழைத்துப் பேச வேண்டும். பேசியதைக் குறிக்க ஒரு நோட்டு இருக்க வேண்டும். அந்த நோட்டை வாரத்துக்கு ஒருமுறை முதல்வர் பார்க்க வேண்டும்.